கேட்டுத் திறப்போம்

பேருந்து நிலையத்து வாசலில் ஒரு குடைக்குக் கீழே சாவிக்காரர் உட்கார்ந்திருப்பார். கம்பியில் கோத்த பழைய சாவிகள், ஓர் அரம், நாலைந்து வளைத்த கம்பிகள். கடை அவ்வளவுதான். வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைத் தொலைத்தவர் வந்து கூப்பிட்டால் எழுந்து கூடவே போவார். போனதும் அவர் கண் பூட்டின் மேல் விழாது, பக்கத்து வீட்டு வாசலுக்குப் போகும். அங்கிருந்து யாராவது எட்டிப் பார்த்து, "என்னம்மா, சாவியைத் தொலைச்சிட்டியா?" என்று கேட்டுவிட்டால் கம்பியை எடுப்பார். யாரும் எட்டிப் பார்க்காவிட்டால் அவரே போய்த் தட்டி, "இவங்க வீடுதானே?" என்பார். இப்படிச் செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டமும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. கம்பியால் பூட்டைத் திறக்கத் தெரிந்த ஒருவர் அதே ஊரில் பத்து வருடம் குடைபோட்டு உட்கார வேண்டுமானால் வேறு வழி கிடையாது.

எங்கள் தொழிலும் அதுதான். எங்களிடமும் வளைத்த கம்பிகள் இருக்கின்றன. ஆனால் நாங்கள் திறக்கும் பூட்டு, பெயர் தெரியாத ஏதோ ஓர் ஊரில் குளிரூட்டிய அறைக்குள் இருக்கிறது. எட்டிப் பார்க்கப் பக்கத்து வீடு இல்லை. நள்ளிரவில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு மடிக்கணினி முன்னால் இருக்கும்போது "இது யார் வீடு?" என்று கேட்க ஆளில்லை. அந்தக் கேள்வியை நாங்களே கேட்டுக்கொள்வதற்கும், பிறர் எங்களைக் கேட்க வைப்பதற்கும் இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

நாங்கள் என்றால், கணினிப் பாதுகாப்பைச் சோதித்துச் சம்பளம் வாங்குபவர்கள், அலுவலக நெட்வொர்க்கைப் பராமரிப்பவர்கள், இதைக் கல்லூரியில் கற்பிப்பவர்கள், யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கும் மாணவர்கள். இயக்கத்துக்கு என்ன பெயர் வைப்பது என்பதிலேயே முதல் கூட்டத்தில் பாதி நேரம் போய்விட்டது. இன்னும் முடிவாகவில்லை. எதற்காகக் கூடினோம் என்பதில் மட்டும் குழப்பம் இல்லை என்பதால் அதை முதலில் எழுதிவைக்கிறோம்.

கருவியைப் பற்றிப் பேசிவிடுவோம். 1995 ஏப்ரலில் டான் ஃபார்மரும் வியட்சே வெனிமாவும் நெட்வொர்க்கின் ஓட்டைகளைத் தேடிச் சொல்லும் ஒரு நிரலை இலவசமாக வெளியிட்டார்கள். அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'சாத்தான்' என்று வரும். வேண்டுமென்றே வைத்த பெயர். இனி எவன் வேண்டுமானாலும் எந்தக் கணினிக்குள்ளும் நுழைந்துவிடுவான் என்று பீதி கிளம்பியது. சிலிக்கன் கிராஃபிக்ஸ் நிறுவனத்தில் ஃபார்மருக்கு இருந்த வேலை போனது. (பெயர் பிடிக்காதவர்களுக்காக அதற்குள் இன்னொரு குட்டி நிரலையும் வைத்திருந்தார்கள். 'மனந்திரும்பு' என்று பொருள்படும் அந்த நிரலை ஓட்டினால் சாத்தான் 'சான்டா' ஆகிவிடுவார், கிறிஸ்துமஸ் தாத்தா.) உலகம் அழியவில்லை. 1997 செப்டம்பரில் கார்டன் லியான் 'என்மேப்' நிரலை வெளியிட்டார். இன்று நெட்வொர்க் வேலைக்கு நேர்காணலுக்குப் போகிறவரிடம் அது தெரியுமா என்று கேட்கிறார்கள்.

என்மேப் என்ன செய்கிறது? ஒரு கணினிக்கு 65,535 போர்ட்டுகள், அதாவது 65,535 வாசல்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாசலிலும் தட்டி, எங்கிருந்து பதில் வருகிறது என்று அது குறித்துக்கொள்ளும். படுக்கப் போகுமுன் கொல்லைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று தள்ளிப் பார்க்கும் பாட்டி செய்வதும் அதைத்தான். இரவு இரண்டு மணிக்குத் தெருவில் வீடு வீடாகக் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறவன் செய்வதும் அதைத்தான். கை ஒரே மாதிரிதான் அசைகிறது. கடவுச்சொல்லை உடைத்துப் பார்க்கும் ஜான் தி ரிப்பர், நெட்வொர்க்கில் போவதையெல்லாம் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க், தெரிந்த ஓட்டைகளின் வழியே உள்ளே போய்க் காட்டும் மெட்டாஸ்ப்ளாய்ட் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

கையில் இருப்பதை வைத்து ஆளை முடிவுசெய்வது பழைய வியாதி. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில், கோவலனைப் பார்த்த காவலர்கள் இவன் கொலைக்குரியவனாகத் தெரியவில்லையே என்று தயங்குகிறார்கள். பொற்கொல்லன் சிரித்துவிட்டுக் களவுநூலை விரிக்கிறான். கள்வருக்கு எட்டுத் துணைகள் உண்டாம், எட்டாவது கருவி. விசாரணை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பட்டியல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. குடிவெறியில் இருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான். அந்தக் கதையில் எங்களுக்குச் சங்கடம் தருகிற இன்னொன்றும் இருக்கிறது. களவுநூலை அத்தனை விரிவாகத் தெரிந்து வைத்திருந்தவன்தான் அங்கே உண்மையான கள்வன். அதையும் நாங்கள் மறைக்கவில்லை.

சட்டத்துக்கும் இந்தத் தடுமாற்றம் இருந்தது. இந்தியாவின் 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஆம் பிரிவின் தலைப்பிலேயே 'ஹேக்கிங்' என்ற சொல் குற்றத்தின் பெயராக இருந்தது. 2008இல் செய்து 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்தச் சொல்லை எடுத்துவிட்டது. இப்போது 43ஆம் பிரிவு, உரிமையாளரின் அல்லது பொறுப்பாளரின் அனுமதி இல்லாமல் என்னென்ன செய்யக்கூடாது என்று அடுக்குகிறது. அதையே நேர்மையின்றியோ மோசடியாகவோ செய்தால் 66ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜெர்மனி 2007இல் கருவிகளையே குறிவைத்து ஒரு சட்டப்பிரிவைக் கொண்டுவந்தது. 2009இல் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம், நல்லதுக்கும் கெட்டதுக்கும் பயன்படுகிற நிரல்கள் அதற்குள் வராது என்று விளக்கம் சொன்னது. சட்டங்கள் தட்டுத்தடுமாறி வந்து நின்ற இடத்திலேயே நாங்களும் நிற்கிறோம். கோடு கருவியில் இல்லை, அனுமதியில் இருக்கிறது.

இதைச் சொல்லும் யோக்கியதை எங்களுக்கு இருக்கிறதா என்று கேட்டால், எல்லோருக்கும் இல்லை.

எங்களில் ஒருவர் கல்லூரி இரண்டாம் ஆண்டில், விடுதி வைஃபையில் போகும் எல்லாவற்றையும் தன் மடிக்கணினி வழியாகத் திருப்பிவிட்டார். அப்போது பல தளங்கள் எதையும் மறைக்காமல் அப்படியே அனுப்பிக்கொண்டிருந்த காலம். அறைநண்பன் ஒரு பெண்ணுக்கு எழுதியதை முழுக்கப் படித்தார். யாரிடமும் சொல்லவில்லை, எதையும் திருடவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பதினைந்து வருடம் கழித்து அந்த நண்பரின் கல்யாணப் பத்திரிகை வந்தபோது போக முடியவில்லை என்று கூட்டத்தில் சொன்னார். அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஏறக்குறைய எல்லோரிடமும் அப்படி ஒன்று இருந்தது. "கத்துக்கிறதுக்காகத்தான் செஞ்சேன்" என்பது நாங்கள் அனைவரும் சொன்ன சமாதானம்.

கற்றுக்கொள்ள இடம் இல்லாமல் இல்லை. வேண்டுமென்றே ஓட்டைகளோடு செய்து தரப்படும் பயிற்சிக் கணினிகளை இறக்கிச் சொந்த மடிக்கணினிக்குள்ளேயே நிறுவி உடைத்துப் பழகலாம். என்மேப்பை எழுதியவர் 'ஸ்கேன் மீ' என்ற பெயரில் ஒரு கணினியையே இணையத்தில் வைத்திருக்கிறார். யார் வேண்டுமானாலும் அதை ஸ்கேன் செய்யலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஒரு நாளைக்குச் சில முறை என்றால் சரி, நூறு முறை வேண்டாம், கடவுச்சொல்லை மோதி உடைக்கும் சோதனையெல்லாம் இங்கே வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறது. அனுமதி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. உரிமையாளரே கொடுக்கிறார், எழுத்தில் கொடுக்கிறார், எதுவரை என்றும் சொல்லிவிடுகிறார். 'எதிக்கல் ஹேக்கிங்' என்று சுவரொட்டி ஒட்டுகிற பயிற்சி நிலையங்கள் முதல் வகுப்பில் இந்த ஒரு பக்கத்தைப் படிக்க வைத்தால் போதும்.

நல்லெண்ணம் போதாதா என்று இளையவர்கள் கேட்கிறார்கள். ராண்டல் ஷ்வார்ட்ஸ் கதையைச் சொல்கிறோம். பெர்ல் மொழியைப் பலருக்குக் கற்றுக்கொடுத்த புத்தகத்தின் ஆசிரியர். 1993இல் இன்டெல் நிறுவனத்தில் ஒப்பந்த வேலையில் இருந்தபோது, தான் முன்பு வேலை செய்த ஒரு பிரிவின் கடவுச்சொற்களை 'கிராக்' என்ற நிரலால் சோதித்தார். பலவீனமான கடவுச்சொற்களைக் காட்டிக்கொடுக்கத்தான் செய்ததாகச் சொன்னார். சோதிக்கச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை. 1995இல் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. அந்தத் தண்டனைப் பதிவு 2007இல்தான் நீக்கப்பட்டது. தீர்ப்பு கொடுமை என்றே எங்களில் பெரும்பாலோர் நினைக்கிறோம். ஆனால் ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டிருக்கலாம் என்பதிலும் எங்களுக்குள் இரண்டு கருத்து இல்லை.

அனுமதி இருந்தும் சிறைக்குப் போனவர்கள் உண்டு. 2019 செப்டம்பர் 11ஆம் தேதி பின்னிரவில், அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஏடல் என்ற சிற்றூரின் நீதிமன்றக் கட்டடத்துக்குள் இரண்டு சோதனையாளர்கள் நுழைந்தார்கள். மாநில நீதித்துறை நிர்வாகம் ஒப்பந்தம் போட்டு அனுப்பிய ஆட்கள். எச்சரிக்கை மணி அடித்ததும் ஓடாமல் போலீஸ் வரட்டும் என்று காத்திருந்து கடிதத்தைக் காட்டினார்கள். மாவட்ட ஷெரிஃப் வந்தார். கட்டடம் மாவட்டத்துடையது, அதை உடைத்துப் பார்க்க மாநிலம் யார் என்று கேட்டார். இருவர் மேலும் கொள்ளை நோக்கத்தோடு புகுந்ததாக வழக்குப் பதிவானது. 2020 ஜனவரியில்தான் வழக்கு கைவிடப்பட்டது. கையெழுத்துப் போட்டவருக்கு அந்தக் கதவின் மேல் உரிமை இருந்ததா என்பதை இரண்டு அலுவலகங்களும் முன்கூட்டியே பேசித் தீர்த்திருக்கவில்லை.

ஆகவே நாங்கள் ஏற்கும் உறுதி இது. எழுத்தில் அனுமதி இல்லாமல் பிறருடைய கணினியைத் தொடமாட்டோம். அந்தக் கடிதத்தில் எந்தெந்தக் கணினிகள், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எதைச் செய்யவே கூடாது, நடுராத்திரியில் ஏதாவது நின்றுபோனால் யாரை எழுப்புவது என்பதெல்லாம் இருக்க வேண்டும். கையெழுத்திடுபவருக்கு அதற்கு உரிமை உண்டா என்று வெட்கப்படாமல் கேட்போம். சர்வர் வேறொரு நிறுவனத்தின் கிளவுடில் வாடகைக்கு இருந்தால், குடியிருப்பவர் கையெழுத்து மட்டும் போதாது. வாடகை வீட்டில் ஆணி அடிக்கவே வீட்டுக்காரரைக் கேட்கிறோம்.

ஓட்டை தெரிந்ததும் அதைக் காட்டத் தேவையான அளவோடு நின்றுவிடுவோம். அடுத்தவரின் பதிவு ஒன்று திறந்தால் ஓட்டை உறுதியாகிவிட்டது. இரண்டாவதைத் திறக்க ஒரு காரணமும் இல்லை. ஆதாரத்துக்காக என்று சொல்லிப் பத்தாயிரம் பேரின் விவரத்தை வீட்டுக்கு எடுத்து வந்தவரை எங்களில் ஒருவராக ஏற்கமாட்டோம். கண்டுபிடித்ததற்குப் பரிசு என்று முன்கூட்டியே அறிவித்திருக்கும் நிறுவனத்திடம் பரிசு வாங்கலாம், அது கூலி. அறிவிக்காத இடத்தில் போய், காசு கொடுத்தால்தான் எங்கே ஓட்டை என்று சொல்வேன் என்பது மிரட்டல். அதற்கு வேறு பெயர் தேட வேண்டாம்.

எங்களிடம் மக்கள் உண்மையில் என்ன கேட்டு வருகிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். வங்கியின் சர்வரை உடைக்கச் சொல்லி ஒருவரும் வருவதில்லை. "தம்பி, நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே, என் சம்சாரத்தோட வாட்ஸ்அப்பை என் போன்ல பாக்க முடியுமா?" இதுதான் வருகிறது. மாமா முறையில் உள்ளவர் கேட்பார். முகத்தில் தூக்கம் இல்லாதது தெரியும். மறுத்தால் உறவில் விரிசல் விழும். மகள் யாரோடு பேசுகிறாள் என்று பார்க்கச் சொல்லி ஒரு தாய் வருவார். முன்னாள் காதலியின் இன்ஸ்டாகிராம் கடவுச்சொல்லுக்கு இரண்டாயிரம் ரூபாய் தருவதாக ஒருவன் பேரம் பேசுவான். யாரோ ஒருவர் இதையெல்லாம் செய்துகொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். உளவு பார்க்கும் செயலியைப் போனில் போட ஐந்து நிமிடம் பிடிக்காது. போனுக்குக் காசு கொடுத்தவர் கணவராக இருக்கலாம். அதில் பேசுகிறவள் மனைவி. அனுமதி அவளிடமிருந்து வரவேண்டும், வராவிட்டால் தொடமாட்டோம். எந்த மாமாவாக இருந்தாலும் இதே பதில்தான். வேண்டுமானால் கூட உட்கார்ந்து ஒரு டீ குடிப்போம்.

எங்களைக் கட்டுப்படுத்திக்கொள்வதோடு எழுந்துவிட்டால் இது இயக்கம் ஆகாது, நன்னடத்தைச் சான்றிதழ் ஆகிவிடும். கேட்டுத் திற என்றால், கேட்பதற்கு ஒரு வாசல் வேண்டுமே.

எங்களில் இன்னொருவர் மாணவராக இருந்தபோது தன் தேர்வு முடிவை இணையத்தில் பார்த்தார். முகவரியில் இருந்த பதிவெண்ணின் கடைசி இலக்கம் தவறிப்போய் மாறிவிட்டது. அடுத்த நாற்காலிக்காரரின் மதிப்பெண்களும் அவர் அப்பாவின் கைபேசி எண்ணும் திரையில் வந்தன. மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னார். சொன்னவருடைய அப்பாவை வரவழைத்தார்கள். மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கினார்கள். அடுத்த பருவத் தேர்வு முடிவு வந்தபோதும் அந்த ஓட்டை அங்கேயே இருந்தது. இப்போது அவர் பார்த்தால் சொல்வாரா?

கூடங்குளத்தை நினைத்துப் பாருங்கள். 2019 அக்டோபர் கடைசியில், அணுமின் நிலையத்தின் நெட்வொர்க்கில் தீய நிரல் புகுந்திருப்பதாகச் செய்தி பரவியபோது முதலில் வந்தது மறுப்பு. மறுநாள், அக்டோபர் 30 அன்று, தீய நிரல் இருந்தது உண்மை என்று அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. நிர்வாக வேலைக்கு இணையத்தில் இணைந்திருந்த ஒரு கணினியில்தான், உலையை இயக்கும் அமைப்புகளில் இல்லை என்றது. நாட்டின் கணினிப் பாதுகாப்பு அவசரநிலைகளைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன் இதைக் கண்டு தெரிவித்தது செப்டம்பர் 4ஆம் தேதி என்றும் அதே அறிக்கையில் இருந்தது. சொன்னவர் சொல்லி எட்டு வாரம் ஆன பிறகும் முதலில் வாயில் வருவது மறுப்புதான் என்றால், ஓர் எளிய மாணவனுக்கு எந்த வாசல் திறக்கும்?

எனவே கேட்கிறோம். மக்களின் விவரங்களை வைத்திருக்கும் ஒவ்வொரு கல்லூரியும் மருத்துவமனையும் கூட்டுறவு வங்கியும் நகராட்சியும், ஓட்டை கண்டால் யாரிடம் சொல்வது என்று தன் தளத்தில் ஒரு முகவரி போடவேண்டும். செலவு கிடையாது. 'செக்யூரிட்டி டெக்ஸ்ட்' என்று பெயர்வைத்து ஒரு சிறு கோப்பைத் தளத்தில் வைத்தால் போதும். 2022இல் இதற்கு முறையான ஆவணமே வந்துவிட்டது. சட்டத்தில் நல்லெண்ணச் சோதனைக்கு வெளிப்படையான பாதுகாப்பு வேண்டும். 66ஆம் பிரிவில் 'நேர்மையின்றி' என்ற சொல் இருக்கிறதே என்பார்கள். அதை நீதிமன்றத்தில் நிரூபித்து முடிக்கும்வரை அந்தப் பையன் வேலைக்குப் போக வேண்டாமா? அமெரிக்க நீதித்துறை 2022 மே மாதத்தில், நல்லெண்ணத்தோடு செய்யும் பாதுகாப்பு ஆய்வுக்காக வழக்குத் தொடரக்கூடாது என்று தன் அரசு வழக்கறிஞர்களுக்கு எழுத்தில் சொன்னது. அப்படி ஒரு தாளாவது இங்கே வரட்டும்.

அரசுகளிடம் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை விண்டோஸில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்து, யாருக்கும் சொல்லாமல் தன் ஆயுதமாக வைத்திருந்தது. 'எட்டர்னல் ப்ளூ' என்று அதற்குப் பெயர். அது அவர்கள் கையைவிட்டுப் போனது. 2017 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் ஒட்டுப்போட்டது, ஏப்ரலில் ஆயுதம் இணையத்தில் வெளியானது, மே 12இல் அதே ஓட்டை வழியாக, கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்கும் 'வான்னாக்ரை' நிரல் பரவியது. இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகளில் மட்டும் 19,000க்கும் மேற்பட்ட சிகிச்சை நேரங்கள் ரத்தாகியிருக்கும் என்ற மதிப்பீட்டைப் பிரிட்டனின் தணிக்கை அலுவலகம் வெளியிட்டது. மாணவனிடம் மன்னிப்புக் கடிதம் வாங்குகிற உலகத்தில் இதற்கு யாரும் கடிதம் எழுதிக் கொடுக்கவில்லை. எங்களிடம் எழுத்தில் அனுமதி கேட்கிற அரசு, குடிமகனின் போனுக்குள் நுழையும்போது தானும் எழுத்தில் காரணம் காட்டட்டும். அந்த எழுத்தைச் சுதந்திரமான ஒரு நீதிபதி பார்க்கட்டும்.

ஒன்றில் மட்டும் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. ஓட்டையைச் சொல்லியாகிவிட்டது, பதிலே இல்லை. எத்தனை நாள் பொறுப்பது? ஓட்டைகளைத் தேடும் கூகுளின் குழுவான ப்ராஜெக்ட் ஜீரோ 90 நாள் கெடு வைக்கிறது. கெடு இல்லாவிட்டால் எவரும் அசையமாட்டார்கள் என்கிறது எங்களில் ஒரு பாதி. 2008இல் டேன் காமின்ஸ்கி, இணையத்தின் பெயர் அமைப்பிலேயே இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்து, மாதக்கணக்கில் வாயை மூடிக்கொண்டு நிறுவனங்களையெல்லாம் கூட்டி ஒரே நாளில் ஒட்டுப்போட வைத்தாரே என்கிறது மறுபாதி. இப்போதைக்கு ஒரு நடுவழி. பூட்டைச் செய்த நிறுவனத்துக்குக் கெடு வைக்கலாம். அந்தப் பூட்டைப் போட்டிருக்கும் மருத்துவமனைக்குக் கெடு வைத்து ஊருக்குச் சொன்னால், படுக்கையில் இருப்பவர்தான் மாட்டிக்கொள்வார். அங்கே செர்ட்-இன் வழியாகத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டே இருப்போம். இது போதாது என்று சொல்பவர்கள் அடுத்த கூட்டத்துக்கு வந்து சண்டை போடலாம்.

சேர்வதற்குக் கட்டணம் இல்லை, சான்றிதழும் தரமாட்டோம். சேர விரும்புகிறவர் முதலில் தன் வீட்டு ரூட்டரைச் சோதித்து, அதன் அட்மின் கடவுச்சொல் இன்னும் 'அட்மின்' என்றே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரவும். இணைப்பு அப்பா பெயரில் இருந்தால், அவரைக் கேட்டுவிட்டு.